பழைய செவர்லே லாரிக்கு வேற வண்டியிலேந்து கழட்டி வந்த பில்டரை கழுவி மாட்டுறது

யுத்த காலத்து செவர்லே லாரி நம்ம பர்மாவுல இன்னும் அங்கங்க மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கு. 1945ல பிரிட்டிஷ்காரனோட 14வது ராணுவம் ஜப்பான்காரனை விரட்டிட்டு போனப்ப விட்டுட்டு போன கனடா லாரிங்க, அதுங்களுக்கு மரத்துல பாடி கட்டி ரங்கூன்ல பஸ்ஸா ஓட்டினாங்க, காட்டுல தேக்கு இழுத்தாங்க, நெல்லு மூட்டை ஏத்தினாங்க. இப்ப அதை வாங்கி சரி பண்ணணும்னு ஆசைப்படுற தம்பிங்க கொஞ்சம் பேர் கேக்கறாங்க, பில்டர் எதுவும் இல்லாமத்தான் வண்டி வந்துச்சு, பழைய இரும்புக் கடையில ஒண்ணு கிடைச்சுது, மாட்டலாமாண்ணேன்னு. மாட்டலாம். ஆனா எதைப் பாத்து வாங்கணும், எங்க ஏமாறுவீங்கன்னு தெரிஞ்சுகிட்டு மாட்டுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதெல்லாம் செவர்லே 216 எஞ்சினுக்கு. ஆறு சிலிண்டர் வரிசையா நிக்கும், 216 கியூபிக் இன்ச், 85 குதிரை சக்தி. போர்டு வி-8 வெச்ச லாரியா இருந்தா ஏர் கிளீனர், பெட்ரோல் பகுதி ஒத்துப்போகும், ஆயில் கணக்கு வேற. எஞ்சினையே எடுத்துட்டு ஜப்பான் டீசல் இறக்கிட்டவங்க ஏர் கிளீனர் வரைக்கும் படிச்சா போதும், அதுல உங்களுக்குன்னு ஒரு எச்சரிக்கையும் இருக்கு.

இந்த 216ல பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற கனெக்டிங் ராடுக்கு பிரஷர்ல ஆயில் போறதில்ல. ராடோட அடியில சின்ன கரண்டி மாதிரி ஒரு மூக்கு இருக்கும், அது கீழ தொட்டியில முங்கி முங்கி ஆயிலை தானே அள்ளிக்கும். பேரிங்கும் இப்ப வர்ற மாதிரி கழட்டி மாட்டுற ஷெல் கிடையாது, ராடுலயே ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஊத்தி கடைஞ்சது. மண்ணு உள்ள போச்சுன்னா அந்த மெத்துனு இருக்கற உலோகத்துல பதிஞ்சு உக்காந்துகிட்டு கிராங்கை அரைக்க ஆரம்பிச்சுடும். புதுசா ஊத்தி கடையத் தெரிஞ்ச ஸயாங்க, அதாவது மேஸ்திரிங்க, இப்ப எத்தனை பேர் இருக்காங்க சொல்லுங்க, இருக்கறவங்களும் வயசானவங்க. அதனால இந்த எஞ்சினுக்கு பில்டர் அலங்காரம் இல்ல.

இரும்புக் கடையில வீசை கணக்குல எடை போட்டுட்டு எடுத்துட்டு வந்துடலாம்தான், ஆனா கையில எடுத்து பாக்காம வாங்காதீங்க. மேல துருவா இருக்கு, பெயிண்ட் போயிருக்குன்னெல்லாம் பாக்க வேணாம், அதை தேச்சு அடிச்சுக்கலாம். பாக்க வேண்டியது உக்கார்ற இடங்க. ஏர் கிளீனர்ன்னா கார்பரேட்டர் வாய் மேல உக்கார்ற வளையம் வட்டமா இருக்கா இல்ல யாரோ சுத்தியல்ல தட்டி நெளிச்சிருக்காங்களா, ஆயில் பில்டரோட வெளி டப்பாவான கேனிஸ்டர்ன்னா மூடி உக்கார்ற விளிம்பு சமமா இருக்கா, போல்ட்டு மரை தேஞ்சிருக்கா. கண்ணாடி துண்டு ஒண்ணு கையோட கொண்டு போங்க, விளிம்பை அது மேல கவுத்து வெச்சு ஆட்டிப் பாத்தா கோணல் உடனே தெரிஞ்சுடும். விளிம்பு கோணலா இருக்கற பில்டர் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எனக்கு வேணாம், பில்டரை சுத்திக்கிட்டு மண்ணு பக்கவாட்டுல உள்ள போறதுக்கு அந்த இடைவெளி போதும்.

இப்ப ஏர் கிளீனர். இந்த லாரிக்கு வர்றது ஆயில் பாத், பேப்பர் கிடையாது. அடியில ஒரு கிண்ணத்துல ஆயில், மேல கம்பி வலை திணிச்ச ஒரு டப்பா. காத்து பக்கவாட்டுல நுழைஞ்சு கீழ இறங்கி ஆயிலுக்கு மேல வந்ததும் சட்டுனு திரும்பி மேல ஏறணும், அந்த திருப்பத்துல கனமான மண்ணு திரும்ப முடியாம ஆயில்ல விழுந்துடும், மிச்சம் மீதி இருக்கற தூசி ஆயில் பட்டு ஈரமா இருக்கற வலையில ஒட்டிக்கும். மாக்வே, மந்தலே பக்கம் கோடையில ஓட்டினவங்களுக்கு தெரியும், முன்னாடி போற வண்டியே தெரியாத அளவுக்கு புழுதி, அந்த புழுதியில இந்த சாமான் நல்லாவே தாக்குப் பிடிக்கும், ஆனா ஒழுங்கா உக்காந்திருந்தாத்தான்.

மேல இருக்கற இறக்கை நட்டை கழட்டினா ரெண்டா பிரியும். கிண்ணத்துல இருக்கற பழைய ஆயிலை கொட்டிட்டு அடியில படிஞ்சிருக்கற சேறை மூங்கில் பத்தையால சுரண்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் வேணாம், பழைய தகரம், துருப்பிடிச்ச இடமா பாத்து ஓட்டை போட்டுடும். சுரண்டினப்புறம் மண்ணெண்ணெய் விட்டு கழுவி, துடைச்சு, திரும்ப அரை கிண்ணம் மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு பழைய நியூஸ் பேப்பர் மேல ராத்திரி முழுக்க வெச்சுடுங்க. ஆயிலுக்கு ஒழுகாத ஓட்டை கூட மண்ணெண்ணெய்க்கு ஒழுகும், காலையில பேப்பர்ல கறை இருந்தா எங்கன்னு தேடி ஈயம் வெச்சு அடைச்சுக்குங்க. ஈயம் வெக்கறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் சுத்தமா போயிருக்கணும்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

வலை டப்பாவை பக்கெட்ல மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல் விட்டு ஊற வைங்க. பெட்ரோல்ல கழுவாதீங்க, நிறைய பேர் பண்றாங்க, பக்கத்துல ஒருத்தர் சுருட்டு பத்த வெச்சா முடிஞ்சுது கதை. ஊறினதும் அலசும்போது காத்து போற திசைக்கு எதிர்த் திசையில அலசணும், அதாவது மேல்பக்கமா ஊத்தி கீழ்பக்கமா வெளிய வரணும், அப்பதான் கீழ மாட்டிக்கிட்ட மண்ணு வெளிய வரும். டயருக்கு காத்தடிக்கிற கம்ப்ரஸரை கிட்ட வெச்சு அடிச்சா கம்பி ஒரு பக்கமா ஒதுங்கி நடுவுல சந்து விழுந்துடும், வேணாம், நிழல்ல தொங்க விட்டு வடிய விடுங்க.

காஞ்சதும் வெள்ளைத் துணி ஒண்ணை விரிச்சு அது மேல டப்பாவை நாலு தட்டு தட்டுங்க. மண்ணு விழுந்தா மறுபடி கழுவுங்க. செவப்பா துரு செதில் விழுந்தா, கம்பி துண்டு விழுந்தா, அந்த வலை வேலைக்கு ஆகாது, எவ்வளவு கழுவினாலும் அது தினம் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து எஞ்சினுக்குள்ளதான் போகும். அப்ப வேற டப்பாவுலேந்து நல்ல வலையை எடுத்து மாத்துங்க. கடையில பாத்திரம் தேய்க்க விக்கிற கறுப்பு ஸ்டீல் வுல்லை திணிக்கிறவங்களை பாத்திருக்கேன், அது பொடிப்பொடியா உடையற சாமான், சிலிண்டருக்கு நீங்களே உப்புத்தாள் பொடி தூவுற மாதிரிதான்.

கிண்ணத்துல ஒரு கோடு இல்லன்னா ஒரு மடிப்பு இருக்கும், ஆயில் அது வரைக்கும்தான். எஞ்சினுக்கு ஊத்துற அதே ஆயில், நம்ம வெயிலுக்கு எஸ்ஏஇ 30 சரியா இருக்கும். வடிச்ச பழைய ஆயிலை ஊத்தறது சிக்கனம் இல்ல, அதுல ஏற்கனவே அழுக்கு இருக்கு. கம்மியா ஊத்தினா தூசி தப்பிச்சு போகும், ஜாஸ்தியா ஊத்தினா காத்தோட ஆயிலும் ஏறி கார்பரேட்டருக்குள்ள போய் புகை கக்கும், பிளக்கு கறுத்துடும். டீசல் எஞ்சின் வெச்சவங்களுக்கு சொன்ன எச்சரிக்கை இங்கதான்: டீசல்ல ஜாஸ்தியா ஊத்தின ஆயில் ஏறினா எஞ்சின் அந்த ஆயிலையே தின்னுகிட்டு தானா ரேஸ் ஆகும், சாவியை திருப்பினாலும் டீசலை நிறுத்தினாலும் நிக்காது, காத்தை அடைச்சாத்தான் நிக்கும். கோட்டை தாண்டாதீங்க.

உக்கார வெக்கற இடத்துக்கு வருவோம். கார்பரேட்டர் கழுத்துக்கும் ஏர் கிளீனருக்கும் நடுவுல கார்க் ஷீட் இல்லன்னா கெட்டி கம்பளி வெட்டி புது கேஸ்கட் போடுங்க, பழசு கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், அமுங்கி கல்லாயிருக்கும். வேற வண்டியோட ஏர் கிளீனர்னா கழுத்து அளவு ஒத்து வராது, அப்ப கடைசல் பட்டறையில ஒரு வளையம் கடைஞ்சு வாங்கிக்குங்க, சைக்கிள் ட்யூபை சுத்தி கம்பியால இறுக்கி கட்டுறது ஒரு மழைக்கு கூட தாங்காது. ஹோஸ் வழியா காத்து வர்ற மாதிரி யாராச்சும் மாத்தியிருந்தா அந்த ஹோஸோட அடிப்பக்கத்தை விரல் விட்டு தடவிப் பாருங்க, வெடிப்பு எப்பவும் கண்ணுக்கு தெரியாத பக்கத்துலதான் இருக்கும்.

மாட்டினப்புறம் எஞ்சினை ஐட்லிங்ல விட்டு, ஒரு பலகையில ரப்பர் ஷீட் ஒட்டி ஏர் கிளீனர் காத்து இழுக்கற வாயை மொத்தமா அடைங்க. ரெண்டு மூணு செகண்டுல எஞ்சின் திணறி நின்னுடணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா வேற எங்கேந்தோ காத்து குடிக்குது, கேஸ்கட், ஹோஸ், கார்பரேட்டர் அடி, மேனிபோல்ட் எல்லாத்தையும் பாருங்க. இன்னொண்ணு, கேஸ்கட் உள்பக்க விளிம்புல லேசா கிரீஸ் தடவி நாலு நாள் மண்ணு ரோட்ல ஓட்டிட்டு திறந்து பாருங்க, தூசி எங்க நுழையுதோ அங்க கிரீஸ் மேல செவப்பா கோடு போட்டிருக்கும். இதை விட நல்ல சோதனை எனக்கு தெரியாது, காசும் இல்ல.

கோடையில அடிக்கடி திறந்து கிண்ணத்தை பாத்துக்குங்க, அடியில சேறு அரை அங்குலம் சேந்தா கொட்டி கழுவுற நேரம். மழைக்காலத்துல வேற தொந்தரவு, தண்ணி உள்ள போய் ஆயிலுக்கு அடியில தங்கிடும், ஆயில் மட்டம் மேல ஏறின மாதிரி தெரியும், பால் மாதிரி வெளுத்திருந்தா மொத்தமா கொட்டிடுங்க. திஞ்ஞான் தண்ணி திருவிழா சமயத்துல லாரில ஏறி ஊர் சுத்தறவங்க அது முடிஞ்சதும் கண்டிப்பா திறந்து பாருங்க, ரோட்ல நிக்கிற பசங்க பைப்பு பிடிச்சு அடிக்கும்போது ஏர் கிளீனர்னு பாத்து ஒதுக்கி அடிக்க மாட்டாங்க.

வால்வ் கவர் மேல ஆயில் ஊத்தற மூடி இருக்கு பாருங்க, அதுக்குள்ளயும் ஒரு வலை. எஞ்சினோட வயிறு மூச்சு இழுக்கறது அது வழியா, விடறது கீழ தொங்கற பைப்பு வழியா. ரெண்டையும் மண்ணெண்ணெய்ல கழுவி, மூடி வலையை ஆயில்ல முக்கி வடிச்சு மாட்டுங்க. அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி ஆயில் பின்பக்க சீல் வழியா சொட்ட ஆரம்பிக்கும், அப்புறம் சீல் போச்சுன்னு கியர்பாக்ஸை இறக்குவீங்க.

பெட்ரோல் பக்கம் பெருசா ஒண்ணுமில்ல, ஆனா நம்ம ஊர்ல ரோட்டோரம் தண்ணி பாட்டில்ல ஊத்தி விக்கிற பெட்ரோல்ல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால பம்புல இருக்கற கண்ணாடி கிண்ணத்தை மதிக்கணும். அடியில தண்ணி முத்து முத்தா உருண்டு நிக்கும், துரு பொடி தெரியும், கண்ணாடின்னு வெச்சதே நீங்க பாக்கறதுக்குத்தான். கழட்டி கழுவி உள்ள இருக்கற பித்தளை வலையை மெத்துனு பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ங்க. கழட்டி வந்த கிண்ணம்னா வாய் விளிம்புல சிதறல் இருக்கான்னு நகத்தால சுத்தி வந்து பாருங்க. கார்க் வாஷர் புதுசா போட்டு, கையால இறுக்கினா போதும், பிளையர் போட்டு முறுக்கினா கண்ணாடி அப்ப உடையாது, நடு ரோட்ல உடையும். ஒழுகல் இருக்கான்னு எஞ்சினை ஓட விட்டு விரலால தொட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும். மோட்டார் சைக்கிளுக்கு விக்கிற பிளாஸ்டிக் பில்டரை எக்ஸாஸ்ட் கிட்ட மாட்டாதீங்க, இந்த லாரியில எஞ்சினோட பாதி கேபினுக்குள்ள உங்க முழங்காலுக்கு பக்கத்துலதான் இருக்கு. கூடுதலா பில்டர் வேணும்னா தகரத்துல வர்றதை வாங்கி, டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல சேசிஸ்ல சூடு படாத இடமா பாத்து மாட்டுங்க.

இனிமேதான் முக்கியமான வேலை, ஆயில் பில்டர். 216க்கு இது பை-பாஸ் பில்டர், அதாவது ஆயில் மொத்தமும் இது வழியா போய் பேரிங்குக்கு போகாது, பம்பு தள்ளுற ஆயில்ல ஒரு சின்ன பங்கு மட்டும் கேனிஸ்டருக்கு வந்து வடிகட்டி நேரா எஞ்சினுக்கு கீழ ஆயில் தேங்கி நிக்கிற அடிப் பேனுக்கு திரும்பிடும். மெதுவா, ஆனா ஓட ஓட எல்லா ஆயிலும் ஒரு சுத்து வந்துடும். பில்டரே இல்லாமலும் எஞ்சின் ஓடும், நிறைய வண்டிங்க அப்படித்தான் ஓடிச்சு.

சிக்கல் எங்கன்னா, இந்த எஞ்சினோட ஆயில் பிரஷரே கம்மி. ஓட்டத்துல 14 பிஎஸ்ஐ கிட்ட காட்டினா அதுதான் நார்மல், ஐட்லிங்ல சூடான எஞ்சின்ல கேஜ் முள்ளு இன்னும் கீழ கிடக்கும். அவ்வளவு கம்மி பிரஷர்ல பில்டர் வழியா நிறைய ஆயில் தப்பிச்சு போச்சுன்னா கிராங்கை தாங்கற மெயின் பேரிங்குக்கு என்ன மிஞ்சும்? அதனாலதான் பை-பாஸ் பில்டர்ல எங்கயாவது ஒரு இடத்துல ஊசி ஓட்டை வெச்சிருப்பாங்க, 1/16 அங்குலம் கிட்ட, நம்ம கணக்குல ஒண்ணரை மில்லிமீட்டர் கிட்ட. சில கேனிஸ்டர்ல அது நடு பைப்போட பக்கவாட்டுல இருக்கும். சிலதுல ஆயில் வெளிய போற பைப்பை கேனிஸ்டரோட இணைக்கிற நிப்பிளுக்குள்ள இருக்கும், பிரச்சினையே இதுலதான், ஜீப்லேந்தோ டாட்ஜ்லேந்தோ ஜிஎம்சிலேந்தோ கேனிஸ்டரை மட்டும் கழட்டி விக்கிறான், அந்த நிப்பிள் பழைய வண்டியோட பைப்புலயே போயிடுது. நீங்க பெருசா ஓட்டை இருக்கற சாதா நிப்பிளை போட்டு மாட்டறீங்க, முள்ளு கீழ விழுது, எஞ்சின் போச்சுன்னு நினைக்கறீங்க.

அதனால கழுவி முடிச்ச கேனிஸ்டர்ல அந்த ஊசி ஓட்டையை தேடி கண்டுபிடிக்காம மாட்டக் கூடாது. வெளிய போற பைப்பு வாயில வாய் வெச்சு ஊதிப் பாருங்க, காத்து எங்கேந்து வருதோ அங்க இருக்கு. அடைச்சிருந்தா மண்ணெண்ணெய் விட்டு ஊற வெச்சு செம்பு கம்பியால குத்துங்க, டிரில் போட்டு திறக்கவே திறக்காதீங்க, ஏற்கனவே யாராச்சும் அந்த புண்ணியத்தை பண்ணியிருக்காங்களான்னு 1.5 மில்லி டிரில் பிட்டோட பின்பக்கத்தை விட்டு பாருங்க. தொளதொளன்னு இருந்தா ஈயம் வெச்சு அடைச்சுட்டு புதுசா ஒண்ணரை மில்லில போடணும். ஓட்டையே இல்லாத கேனிஸ்டர்னா வெளிய போற பக்கத்து பித்தளை நிப்பிளை அடைச்சு அதுல போட்டுக்கலாம்.

உள்ள கழுவுறது கஷ்டமில்ல, நாத்தம்தான் தாங்காது. தார் மாதிரி கெட்டியான சேறு இருக்கும், மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற விட்டா இளகி வரும். காஸ்டிக் சோடா போடறவங்க இருக்காங்க, இரும்புக்கு சரி, ஆனா அலுமினிய மூடி, ஈய பத்த வெப்பு இதையெல்லாம் அரிச்சுடும். கடைசியா சுடுதண்ணியும் சோப்பும் போட்டு கழுவி வெயில்ல நல்லா காய விடுங்க, ஈரம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது.

மூடி கேஸ்கட்டுக்கு லாரி இன்னர் ட்யூபை வெட்டிப் போடறது நம்ம ஊர் பழக்கம். மோல்மீன் பக்கம் பூரா ரப்பர் தோட்டம், ரப்பருக்கா பஞ்சம்னு நினைப்போம், ஆனா பால் ரப்பரும் சரி ட்யூப் ரப்பரும் சரி ஆயில்ல ஊறினா உப்பி கொழகொழன்னு ஆயிடும், ஒரு மாசத்துல பிதுங்கி வெளிய வரும். ஆயில் தாங்கற கறுப்பு ரப்பர் ஷீட் இல்லன்னா கார்க்கும் ரப்பரும் கலந்த ஷீட் கேட்டு வாங்குங்க. நடு போல்ட்டுக்கு அடியில செம்பு வாஷர் ஒண்ணு வரும், அதை மறந்துட்டு மூடியை குறை சொல்லுவாங்க.

உள்ள வடிகட்டுற எலிமென்ட் பழசை கழுவி போடலாமான்னா, கூடாது, அது மட்டும் புதுசு. உங்க கேனிஸ்டரோட உள் உயரம், அகலம், நடு பைப்போட தடிமன் மூணையும் அளந்து எழுதிக்கிட்டு கடைக்கு போங்க, ஜப்பான் லாரிக்கு வர்ற ஏதாச்சும் ஒண்ணு ஒத்து வரும். நடு ஓட்டை பைப்பை இறுக்கி பிடிக்கணும், தொளதொளன்னு இருந்தா ஆயில் பில்டருக்குள்ள போகாம சந்து வழியாவே ஓடிடும். பஞ்சு வேஸ்ட், கிழிஞ்ச லுங்கி, டாய்லெட் பேப்பர் ரோல் திணிக்கிற யோசனையெல்லாம் கேள்விப்படுவீங்க. டாய்லெட் ரோலுக்குன்னே செஞ்ச பில்டர் உண்டு, அது வேற. சாதா கேனிஸ்டர்ல திணிச்சா நார் பிரிஞ்சு ஊசி ஓட்டையை அடைச்சுடும், இல்ல அடிப் பேனுக்கு போய் பம்பு வலையை மூடிடும்.

பைப்பு மாட்டும்போது திசை முக்கியம். ஆயில் வெளிப்பக்கமா நுழைஞ்சு நடு பைப்பு வழியா வெளிய வரணும், மாத்தி கொடுத்தா எலிமென்ட் உள்ளேந்து பிதுங்கி கிழியும். பிரஷரை பிளாக்குல ஆயில் ஓடுற வழியான கேலரியில இருக்கற தனி பிளக்கை கழட்டி அங்கேந்து எடுங்க, கேஜுக்கு போற மெல்லிசு பைப்புல டி (T) வடிவ இணைப்பு போட்டு எடுக்கறவங்களுக்கு அப்புறம் கேஜ் காட்டறது எதையும் நம்ப முடியாது. கேனிஸ்டர் எஞ்சின் மேல நின்னா பைப்பும் எஞ்சினோட சேந்து ஆடும். சேசிஸ்ல மாட்டியிருந்தா எஞ்சின் ஒரு பக்கம் ஆட கேனிஸ்டர் ஒரு பக்கம் நிக்க செம்பு பைப்பு கழுத்துல முறியும், அப்ப ஆயில் தாங்கற ஹோஸ் போடுங்க. பழைய செம்பு பைப்பை திரும்ப வளைக்கிறதுக்கு முன்னாடி செவக்க சூடு பண்ணி தண்ணியில முக்கிடுங்க, மெத்துனு ஆயிடும், அப்படியே வளைச்சா வெடிக்கும்.

எஞ்சின் ரொம்ப வருஷம் பில்டர் இல்லாம ஓடியிருந்தா அடிப் பேனை இறக்காம இதையெல்லாம் மாட்டறதுல அர்த்தமில்ல. ராடு மூக்கு முங்கற தொட்டிங்க எல்லாத்துலயும் சேறு கட்டியிருக்கும், அதை வழிச்சு எடுத்துட்டு பம்பு வலையையும் கழுவுங்க. கழுவாம அழுக்கை கழட்டி விடற புது டிடர்ஜென்ட் ஆயிலை ஊத்தினா உள்ள இருக்கற அழுக்கு எல்லாம் ஒரே நேரத்துல கழண்டு வந்து புது எலிமென்ட்டை ரெண்டு நாள்ல அடைச்சுடும்.

இந்த எஞ்சினுக்கு 5 அமெரிக்க குவார்ட் ஆயில், அதாவது 4.7 லிட்டர் கிட்ட. கேனிஸ்டர் குடிக்கற அளவு அதுக்கு மேல தனி, அதனால மூடி போடறதுக்கு முன்னாடியே கேனிஸ்டரை ஆயிலால ரொப்பிடுங்க. மொத தடவை ஸ்டார்ட் பண்றப்ப வெளிய வர்ற பைப்பை பேன்ல மாட்டாம ஒரு சுத்தமான பாட்டிலுக்குள்ள விட்டு பாருங்க, பென்சில் முனை மாதிரி மெல்லிசா ஒரு தாரை வரணும். விரல் தடிமனுக்கு கொட்டினா உடனே நிறுத்துங்க, ஊசி ஓட்டை இல்ல இல்லன்னா பெருசா இருக்கு. ஒண்ணுமே வரலன்னா எஞ்சின் சூடாகற வரைக்கும் விட்டு பாத்துட்டு, அப்பவும் வரலன்னா அடைப்பு. தாரை சரியா இருந்தா பைப்பை பேன்ல மாட்டிட்டு, பாட்டில்ல விழுந்ததை திரும்ப எஞ்சினுக்கே ஊத்தி, கேஜ் முள்ளு முன்னாடி காட்டினதுக்கும் இப்ப காட்டறதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு பாத்துக்குங்க. ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து எஞ்சின் ஆறினதும் மூடி போல்ட்டை இன்னொரு தடவை லேசா இறுக்குங்க, புது கேஸ்கட் மொத சூட்டுல கொஞ்சம் அமுங்கும், அப்புறம் டிப் ஸ்டிக்கை பாத்து குறையறதை ஊத்துங்க.